அடைகோழியின் பத்து ஃபைல்கள்

ஒரு மனிதர் பத்து ஃபைல்களின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கெஞ்சுவீர்களா? நான் நாலு நாள் கெஞ்சிப் பார்த்தவன்.

துணி துவைக்கும் மெஷினுக்குள் ஓடுகிற புரோகிராமை எழுதும் ஆறு பேர் நாங்கள். எழுதியதெல்லாம் சர்வரில் ஒரே களஞ்சியத்தில் கிடக்கும். ஒரு ஃபைலைத் திருத்த வேண்டுமென்றால் முதலில் செக்-அவுட் செய்து நம் பேரில் எடுக்க வேண்டும். அதன்பிறகு மற்றவர்கள் அதைப் படிக்கலாம், கை வைக்க முடியாது. திருத்தி முடித்துச் செக்-இன் செய்தால்தான் நாம் எழுதியது களஞ்சியத்துக்குப் போகும். ஃபைலும் அடுத்த ஆளுக்குக் கிடைக்கும்.

என் எதிர் மேஜைக்காரர் எடுப்பார், திருப்பித் தரமாட்டார். குஞ்சு பொரிக்குமா, கூமுட்டையா என்று பார்ப்பதே இல்லை, மேலே உட்கார்ந்திருப்பார். அவர் இல்லாத நேரத்தில் அவருக்கு அடைகோழி என்று பேர். மேனேஜர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு ஆள் பத்து ஃபைலுக்கு மேல் எடுக்க முடியாதபடி சர்வரிலேயே கட்டுப்போட்டார். அன்றிலிருந்து அடைகோழியிடம் எப்போதும் சரியாகப் பத்து இருக்கும்.

லீவு அட்டவணையையும் மேனேஜர் அதே களஞ்சியத்தில்தான் வைத்திருந்தார். ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் லீவு, முதலில் எழுதியவருக்கே தேதி. எழுத நாலே நாள்; வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு வீட்டிலிருந்தபடியே அட்டவணையை மூடிவிடுவார். எழுதாதவர்களுக்கு அவரே தேதி போடுவார். போன வருடம் எனக்கு மூன்று நாள் போட்டார். ஊருக்குப் போய்ச் சேரவே இரண்டு நாள் ஆகும் எனக்கு.

இந்த வருடம் அம்மாவுக்குப் பதினைந்தாம் தேதி கண் ஆபரேஷன், இரண்டு நாள் கழித்துக் கட்டுப் பிரிப்பார்கள். "கட்டுப் பிரிக்கிறப்ப மொதல்ல உன் மூஞ்சியத்தான் பாக்கணும். நீ வரலன்னா கட்டோடயே இருந்துக்கறேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

திங்கட்கிழமை காலையிலேயே அட்டவணையை அடைகோழி எடுத்துவிட்டார்.

"அண்ணே, அந்த லீவு ஃபைல விடுங்கண்ணே."

"எழுதிட்டு விடறேன் தம்பி."

"எப்ப எழுதுவீங்க?"

"எந்த வாரம்னு வீட்ல கேட்டிருக்கேன். அவ இன்னும் வாயத் தெறக்கல."

"அவங்க சொன்னப்புறம் மறுபடி எடுத்துக்கலாமே?"

"கையில இருக்கறத எறக்கி வச்சுட்டு மறுபடி தேடறதா? நல்ல ஆளுப்பா நீ."

செவ்வாய், புதன் இரண்டு நாளும் இதே கேள்வி, இதே பதில். வியாழன் மதியம் டெஸ்டிங் அக்கா என் மேஜை ஓரத்தில் வந்து சாய்ந்தார். நாங்கள் எழுதியதை மெஷினில் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வது அவர் வேலை.

"கெஞ்சினா கோழி எந்திரிக்காதுடா. தீனியக் காட்டு."

"என்ன தீனிக்கா?"

"கையில பத்து இருக்கு. பதினொண்ணாவதா ஒண்ணு வேணும்னா, இருக்கறதுல ஒண்ண எறக்கித்தானே ஆகணும்?"

களஞ்சியத்தில் புது ஃபைல் யார் வேண்டுமானாலும் போடலாம். என் பேரில் போட்டால் மாட்டிக்கொள்வேன். அதனால் அக்காவின் டெஸ்டிங் மெஷினுக்கென்று இருக்கும் லாகின் கணக்கிலிருந்து, அந்த மெஷின் பேரிலேயே போட்டோம். முதல் ஃபைலின் தலைப்பு, 'ஜன்னலோர இருக்கை யாருக்கு'. உள்ளே ஒரே வரி: விருப்பம் உள்ளவர் பேர் எழுதவும்.

பத்து நிமிடத்தில் எதிரே நாற்காலி முனகியது. யார் கையில் எது இருக்கிறது என்று காட்டும் பட்டியலைப் பார்த்தேன். அடைகோழி பேரில் ஜன்னல் ஏறிவிட்டது, 'மோட்டார் வேகம்' என்ற ஃபைல் இறங்கிவிட்டது. அக்கா அந்த ஃபைலுக்காக இரண்டு மாதமாகத் தவம் கிடந்தவர். ஒரே அமுக்கில் அதைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார்.

"எனக்கு இது போதும்பா. இனி உன் பாடு."

"அக்கா, நியாயமா இது?"

அக்கா சிரித்துக்கொண்டே மறுபடி கணக்கைத் திறந்தார். அடுத்து 'புதிய நாற்காலி: விருப்பப் பட்டியல்' போட்டோம். தண்ணீர் மட்டம் இறங்கியது. 'பெரிய திரை யாருக்கு' போட்டோம். ஒரு பெருமூச்சு கேட்டது, கதவுப் பூட்டு இறங்கியது. அறையில் மற்றவர்களும் விஷயம் புரிந்து, இறங்குவதையெல்லாம் சத்தமில்லாமல் அள்ளிக்கொண்டார்கள். அட்டவணை மட்டும் அசையவில்லை.

அடைகோழி திரைக்கு மேலாகத் தலையை நீட்டினார். "என்ன தம்பி, இன்னிக்கு மழைக்கு மொளச்ச காளான் மாதிரி ஃபைலா மொளைக்குது?"

"மேலிடத்து வேலையா இருக்கும்ணே."

மூன்றரை மணிக்கு அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. நட்டநடுப் பகலில் ஸ்வெட்டரும் கழுத்தைச் சுற்றித் துண்டும். நான்காவது ஃபைல்: 'ஏ.சி. எத்தனை டிகிரி, இறுதி முடிவு'.

நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் பத்தையும் மேலும் கீழும் பார்த்தார். மிச்சமிருந்த எல்லாவற்றிலும் அரையும் குறையுமாக ஏதோ எழுதி வைத்திருந்தார், விட மனம் வராது. ஒரு எழுத்துகூட எழுதாதது ஒன்றுதான். மூன்று ஐம்பதுக்கு அட்டவணை இறங்கியது. தரையில் விழுமுன் பிடித்தேன்.

பதினான்கிலிருந்து இருபத்தெட்டு வரை என் பேரை எழுதினேன். சேமித்தேன். அக்கா பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். ஐந்து மணிக்கு ராஜா மாதிரி பஸ் ஏறி, பாதி வழியில் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"லீவு எழுதிட்டேம்மா."

"எழுதிட்டியா, குடுத்துட்டியா? போன வருசமும் எழுதிட்டேன்னுதான் சொன்ன."

எழுதினேன், சேமித்தேன். செக்-இன் செய்யவில்லை. அட்டவணை இப்போது என் கம்ப்யூட்டரில், என் பேரில், என் பூட்டில். நான் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு ஊர் சுற்றுகிறேன். மணி ஐந்து நாற்பது. பஸ் ஆற்றுப் பாலத்தின் நடுவில் அசையாமல் நின்றது. அக்கா கிளம்பியிருப்பார். ஆறரை வரை ஆபீசில் இருப்பது ஒரே ஆள்தான். அடைகோழிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, ஒரு உதவி..."

"ஏ.சி. இருபத்தேழுன்னு போட்டிருக்கேன் தம்பி. போதுமா?"

அவர் அதோடு நிறுத்தவில்லை.

"ஜன்னலோரம் என்னிக்கு மாத்தறாங்களாம்?"

"தெரிஞ்சுபோச்சாண்ணே?"

"டெஸ்டிங் மெஷினுக்கு எதுக்குடா நாற்காலி?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆபரேஷன், கட்டு, பதினைந்தாம் தேதி.

"இத ஏன் நாலு நாளா சொல்லல? ஃபைல விடுங்க, ஃபைல விடுங்கன்னு பாட்டு மட்டும் பாடின."

இங்கே யாரிடமும் வீட்டு விஷயம் பேசிப் பழக்கமில்லை.

"சரி, உன் மெஷின் முன்னாடி உக்காந்துட்டேன். பாஸ்வேர்டச் சொல்லு."

"அண்ணே... நானே வந்துடறேன்."

"எங்க நிக்கற?"

"பாலத்து மேல."

"றெக்க இருக்கா? சொல்லுடா, மணி அஞ்சு அம்பது."

பக்கத்து சீட்டுக்காரருக்குக் கேட்காமல் வாயைக் கையால் மூடிக்கொண்டேன். "அடைகோழி. இங்கிலீஷ் எழுத்துல. சேத்து. அப்புறம் நம்பர்ல பத்து."

தட்டுகிற சத்தம் நின்றது.

"யாரு வச்ச பேரு இது?"

"பொதுவா வச்சதுண்ணே."

"ஏ டி ஏ ஐ..." ஒவ்வொரு எழுத்தாக, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தட்டினார். "தெறந்துருச்சு" என்றார். இணைப்பு அறுந்தது. மூன்று முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பஸ் பாலத்தைத் தாண்டும்போது மணி ஆறு ஏழு.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேனேஜர் அட்டவணையை அச்சடித்துச் சுவரில் ஒட்டினார். பதினான்கிலிருந்து இருபத்தெட்டு வரை என் பேர் இருந்தது. என் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. அடைகோழி பாஸ்வேர்டை மாற்றியிருந்தார், புதியதைப் பதினொன்றரை மணிக்குத்தான் சொன்னார்.