சந்தனம் பட்ட மீட்டர்

புது மீட்டர் இருந்த கண்ணாடிப் பெட்டியை மாரப்பன் இடது கையால் துடைத்துக்கொண்டிருந்தார். வலது கையில் விரல்கள் எல்லாம் பாதியோடு நின்றிருந்தன. குறிச்சியில் வால்வு வார்ப்புகளைக் கதிர்வீச்சால் படமெடுக்கும் பட்டறை அது. ஆயுத பூஜைக்கு வாசலில் வாழைக்கன்று கட்டியாகிவிட்டது.

போன வருஷமும் இப்படித்தான். முதலாளி சுப்பண்ணன் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே பழைய மீட்டரிடம் வந்தார். கதிர் இருந்தால் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டுக் காட்டும் கருவி. அதன் முனையில் வெங்காயத் தோல் போல மெல்லிய தகடு. தூசிகூடப் படாமல் மாரப்பன் தினமும் பிரஷ்ஷால் தட்டி மூடிவைப்பார். முதலாளி மூடியைக் கழற்றி, சந்தன விரலை அந்தத் தகட்டின்மேலேயே அழுத்தினார். சாமி காரியமாயிற்றே என்று மாரப்பன் வாயைத் திறக்கவில்லை. பாழாய்ப்போன மரியாதை!

பூஜை முடிந்த முதல் வேலையில் மீட்டரை நீட்டிக்கொண்டு உள்ளே போனார். சத்தமே இல்லை. கதிர் வீசும் துண்டு, படமெடுத்த குழாயிலிருந்து அதை அடைத்துவைக்கும் கேமராவுக்குள் திரும்பிவிட்டதென்று நம்பிக் குழாயை வெறுங்கையால் பிடித்துக் கழற்றினார். துண்டு அந்தக் குழாய்க்குள்ளேயே மாட்டியிருந்தது. நல்ல மீட்டர் ஒன்றுமில்லாத இடத்திலும் எப்போதாவது ஒரு ‘டிக்’ சொல்லும். அதுகூட வரவில்லை என்பது விரல்கள் கொப்புளித்த பிறகுதான் உறைத்தது.

சந்தனத்தைப் பற்றிச் சொன்னபோது, சாமியைக் குற்றம் சொல்லாதே என்றார் முதலாளி. விசாரிக்க வந்தவர்களிடம், மீட்டரைச் சரிபார்க்காமல் போனது மாரப்பன் தப்பு என்று சொல்லி முடித்தார். பெருக்கித் துடைக்கும் வேலைதான் மிஞ்சியது.

அன்றிலிருந்து சத்தமில்லாத இடம் என்றாலே மாரப்பனுக்குப் பயம். வீட்டில் மனைவி பொன்னாத்தாள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால்கூட, “ஏதாச்சும் சொல்லு அம்மணி,” என்பார்.

இந்த வருஷப் பூஜைத் தட்டு வந்தது. கேமராவுக்குப் பொட்டு வைத்த முதலாளி, மாரப்பன் துடைத்த பெட்டியின் முன்னால் வந்ததும் விரலை இழுத்துக்கொண்டார்.

“இதுக்குச் சந்தனம் ஆகாது மாரப்பா. தகடு போயிரும்.”

“அது போன வருஷமும் போயிருக்குமுங்களே.”

“நல்ல நாளும் அதுவுமா எதுக்கு அந்தப் பேச்சு? சந்தனம் எடுத்துக்க.”

சின்னக் கிண்ணத்தை நீட்டினார். சாமி சந்தனத்தை இடது கையால் தொடலாமா? மாரப்பன் வலது கையையே நீட்டினார். பாதி விரல்கள் கிண்ணத்தின் விளிம்போடு நின்றுவிட்டன. அடியில் இருந்த சந்தனத்தை எட்டவில்லை. முதலாளி கொஞ்சம் பார்த்துவிட்டு, கிண்ணத்தை அடுத்த ஆளிடம் கொண்டுபோனார்.