தண்ணீர் கறுக்கட்டும்

சலவை ஆலையின் அழுக்குத் தண்ணீரை வடிகட்டி மறுபடி சலவைக்கே அனுப்பும் பிரிவில் அண்ணி ஆபரேட்டர், நாத்தனார் கெமிஸ்ட். தினமும் ஒரே ஸ்கூட்டரில்தான் வருவார்கள். ஓட்டுவது எப்போதும் அண்ணி. நாத்தனார் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். சாவி மட்டும் கைமாறியதில்லை.

அந்தச் சவாரிக்கே இப்போது ஆபத்து. வடிகட்டிக் குழாய்களுக்குள் இருக்கும் சவ்வு அடைத்துக்கொண்டு, தண்ணீர் மூக்கொழுகுவதுபோல் வந்தது. சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் பிரிவை மூடி, இருவரையும் ஆளுக்கொரு ஊருக்கு மாற்றிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். கல்யாணமாகி வந்த வீட்டில் அண்ணிக்குக் கிடைத்த முதல் சிநேகிதி அல்லவா நாத்தனார்.

"முதல்ல காஸ்டிக் சோடாவுல கழுவலாம் அண்ணி," என்றாள் நாத்தனார். "இப்ப கேன்டீன் துணியெல்லாம் வருது. எண்ணெய்ப் பிசுக்காத்தான் இருக்கும்."

"போன தடவை ஆசிட்டுக்குத்தான் கேட்டுது. இது உப்புப் படிவும்மா," என்று அண்ணி ஒற்றைக்காலில் நின்றாள்.

ஆசிட் கரைசலைக் குழாய்களில் சுற்றவிட்டார்கள். தொட்டிக்குத் திரும்பியது, போட்டபடியே பளிச்சென்று இருந்தது. எட்டிப் பார்த்த மேனேஜருக்கு ஒரே சந்தோஷம்.

"அடடே, எவ்வளவு சுத்தமா வருது."

இருவர் முகமும் தொங்கிப்போயிற்று. கழுவிய தண்ணீர் சுத்தமாக வந்தால் அழுக்கு உள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை அவருக்கு யார் விளக்குவது?

"சரி, உன் வழிக்கே வரேன்," என்றாள் அண்ணி. சொல்லி முடிப்பதற்குள் வாயெல்லாம் கசந்தது. நாத்தனார் குத்திக்காட்டவில்லை, அந்த மட்டும் புண்ணியம்.

ஆசிட் போக நன்றாக அலசிவிட்டு, வெதுவெதுப்பான காஸ்டிக் கரைசலில் ஊறவிட்டு, பம்பைப் போட்டார்கள். முதலில் டீ நிறம். பிறகு கஷாயம். அப்புறம் சாக்கடையே தோற்றுப்போகும் கறுப்பு. இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு ரப்பர் பூட்ஸோடு குதித்தார்கள்.

மறுபடி வந்த மேனேஜர் தலையில் கைவைத்தார். "போச்சு. எல்லாம் போச்சு."

"போகட்டும் சார். நல்லாப் போகட்டும்," என்றாள் அண்ணி, சிரிப்பை அடக்கமாட்டாமல்.

கடைசியாக அலசி முடித்து ஓட்டியபோது தண்ணீர் வரத்தைக் காட்டும் மீட்டர் முள் அடைப்புக்கு முன்பிருந்த இடத்துக்கே ஏறி நின்றது. மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"அப்ப நாளைக்கும் ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்க," என்றார்.

வாசலில் நாத்தனார் வழக்கம்போல் ஸ்கூட்டரின் பின்சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி சாவியை அவள் கையில் வைத்து அழுத்தினாள்.

"நிஜமாவா அண்ணி?"

"மெதுவா ஓட்டு," என்றாள் அண்ணி. வீடு வந்து சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.