வாய் திறக்காத போட்டி

கிடங்கில் ஒரு பெட்டி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார் நம்ம மேற்பார்வையாளர். தெருவே அறிந்த பெருமை அது. நெடும்பயணத்தில் ஐந்து வயது மகளின் நச்சரிப்பு தாங்காமல், "வாய் திறக்காம வந்தா பொம்மை" என்று போட்டி வைத்தார். வழியில் பெட்ரோல் போட நின்ற பங்கிலிருந்து இருபது கிலோமீட்டர் நிம்மதியாக ஓட்டினார். பின்சீட்டில் மனைவி தூங்குவதாக நினைப்பு.

"ஜெயிச்சுட்டேடா செல்லம், பேசு."

"அப்பா, அம்மா பங்க்லயே இருக்காங்க. கத்திக்கிட்டே பின்னாடி ஓடி வந்தாங்க."

மனிதர் சட்டென்று பிரேக்கை மிதித்தார். காரைத் திருப்பியவர், "நீ சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சதுன்னு அம்மாகிட்ட சொல்லாதே. இன்னொரு பொம்மை" என்றார்.

பங்கில் மனைவி அவரைத் திட்டவில்லை. மகளிடம் மட்டும் கேட்டாள்: "அப்பா தானாவே கவனிச்சாரா?"

குழந்தை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது. அவர் தரையைப் பார்த்தபடி கார்க் கதவைத் திறந்துவிட்டார்.