தண்ணீர் நிற்காத உருவம்

என் சிற்பத்தின் அடியிலிருந்து தண்ணீர் வழிந்து, பீடத்தில் விரித்திருந்த வெள்ளைத் துணியை நனைத்து, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் கழுத்துக்குள் டேலியாப் பூக்கள் செருகப்பட்டிருந்தன. பக்கத்தில், வாசல் தொட்டிச் செடிகளுக்கென்று வைத்திருந்த பூவாளியைக் கையில் பிடித்தபடி அப்பா நின்றிருந்தார். மேல்கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுக் கண்காட்சிக் கூடத்துக்குள் நுழைந்தபோது நான் கண்டது இதுதான். இன்று மாலை நடந்தது. வரிசை மாறாமல் எழுதிப் பார்த்தால், எந்த இடத்தில் நான் வேறு மாதிரி இருந்திருக்கலாம் என்பது தெரியும் என்று நினைக்கிறேன். தெரியாமலும் போகலாம்.

ஓட்டையை நான்தான் போட்டேன். எங்கள் மாலைச் சிற்ப வகுப்பில் ஆசிரியை மதாம் ரூவியே வைத்திருக்கும் விதி அது. போருக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் களிமண் என்றால் ஊறுகாய் ஜாடி, பூச்சாடி. இப்போது அதே மண்ணில், அதே விறகுச் சூளையில் நாங்கள் உருவங்கள் செய்கிறோம். வேலை முடிந்ததும், மண் காய்வதற்குள் அடியில் விரல் நுழையும்படி ஓட்டை போட்டுவிட வேண்டும். "தண்ணி நிக்கக் கூடாது. நின்னுச்சுன்னா நாளைக்கே எவளாவது பூ வெச்சு ரேடியோ மேல தூக்கி வெச்சிருவா" என்பார் மதாம். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே குத்திவிடுவார்கள். நான் மட்டும், இடம் சரிதானா, உருவத்தில் விரிசல் விழுந்துவிடுமோ என்று ஊசியால் குறி வைத்துக் குறி வைத்து அழிப்பேன்.

தோள் சரிந்த, தலையில்லாத ஒரு பெண்ணின் உருவம் என்னுடையது. பாரிஸுக்குப் போகும் கண்காட்சிக்கு எங்கள் வகுப்பிலிருந்து மூன்றைத்தான் எடுப்பார்கள். எவை என்று மதாம் இன்று சொல்வதாக இருந்தது. அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. செய்தித்தாளில் பார்த்திருப்பார். எங்கள் ஊர் வியெர்ஸோனிலிருந்து பஸ் பிடித்து, தோட்டத்துப் பூவைப் பறித்துக்கொண்டு வந்திருக்கிறார். அவருக்கு ரயில்வே பணிமனையில் சக்கரங்களுக்குக் கிரீஸ் போடும் வேலை. நகக்கண்ணில் கறுப்பு போகவே போகாது. வகுப்பில் அவரை இஞ்சினியர் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. யாரோ கேட்டார்கள், வாயில் அதுதான் வந்தது.

"ஐயையோ, ஒழுகுதே!" என்று அப்பா பூவாளியைக் கீழே வைத்தார். "ஓட்டையானதைப் போயி வெச்சிருக்கீங்களே!"

கூடத்தில் எல்லாரும் திரும்பினார்கள். எங்கள் வகுப்பு ரெமி, நோட்டரி வக்கீலின் மகன், ஒயின் கோப்பையோடு பக்கத்தில் வந்தான். "என்ன பெரியவரே, சிலைக்குத் தாகமா? எங்க ஊர்ச் சிலையெல்லாம் ஒயின்தான் குடிக்கும்" என்றான். சிரிப்பு எழுந்தது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மதாம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "யாரு இவரு? சொலான்ஷ், உன்னோடதுல போயி ஊத்தியிருக்காரு பாரு. உனக்குத் தெரிஞ்சவரா?"

அப்போதுதான் அப்பா என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. வாயைத் திறந்தார்.

"தெரியாது, மதாம்" என்றேன்.

திறந்த வாயை அப்பா மூடிக்கொண்டார்.   பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"மன்னிக்கணும் மத்மசேல். பஸ்ஸுக்கு நேரம் கெடந்துச்சு, சும்மா எட்டிப் பாத்தேன். பூச்சாடின்னு நெனச்சுட்டேன். உங்க சாமானைப் பாழாக்கிட்டேன்."

ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் சொன்னார். முன்பின் பார்த்திராத பெண்ணிடம் பேசும் அதே பணிவு. பூக்களை ஒவ்வொன்றாக, கழுத்து விளிம்பில் உரசாமல் உருவினார். கைக்குட்டையை எடுத்து, குனிந்து தரையைத் துடைத்தார். நான் குனியவில்லை. எழுந்தபோது என்னைப் பார்க்காமல் அந்த உருவத்தைப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

"பாவம், நல்ல மனுஷன்" என்றார் மதாம். பிறகு என் தோளில் கை வைத்தார். "உன்னோடது பாரிஸ் போகுது, சொலான்ஷ். வீட்டுல சொல்லு, அப்பா சந்தோஷப்படுவாரு."

ரெமி என் கையில் ஒரு கோப்பையைத் திணித்தான். நன்றி சொன்னேன் என்று நினைக்கிறேன். எல்லாரும் அடுத்த பீடத்துக்கு நகர்ந்ததும் ஜன்னலுக்குப் போனேன். எதிரே பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். வியெர்ஸோன் பஸ் வந்து நின்று அவரை மறைத்தது. காத்திருந்தவர்கள் ஏறினார்கள். கதவு மூடியது. பஸ் நகர்ந்தபோது அவர் அங்கேயேதான் இருந்தார். பக்கத்தில் வைத்திருந்த துணிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் விட்டுப் பெஞ்சில் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்.