அந்தப் பக்கத்து ஆட்டம்

சபை மண்டபத்தில் எல்லோருக்கும் டீயும் பன்னும் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் பவுல்ராஜ் சார் கைப்பேசியை எடுத்து, அரையிறுதி ஆட்டத்தின் கணக்கைச் சத்தமாக வாசித்தார். குன்னூரில் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் அவர். சபையின் கால்பந்து அணிக்கு இந்த வருடம்தான் இப்படிக் கணக்கு வைக்க ஆரம்பித்திருந்தார். இரண்டு அணியிலும் யார் பந்தைத் தொட்டது, யாருடைய பாஸ் போய்ச் சேர்ந்தது, யார் பறிகொடுத்தது என்று கோட்டுக்கு வெளியே தார்ப்பாயின் கீழ் உட்கார்ந்து கைப்பேசியில் தட்டிக்கொண்டே இருப்பார். கண்ணுக்குத் தப்புவதை எண் காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பினார். முந்தைய ஆட்டங்களில் காட்டியும் கொடுத்தது.

"நம்ம மனுவேலு முதல் பாதியில நல்லாத்தான் ஆடியிருக்காப்ல. ரெண்டாவது பாதியில பந்தைத் தொட்டதே மூணு தடவை. மூணே மூணு!"

"ஏனுங்ணா, நடுவுல டீ குடிக்கப் போயிட்டீங்களா?" என்று யாரோ மனுவேலைக் கேட்க, மண்டபமே சிரித்தது. சாரும் சிரித்தார்.

மனுவேல் அணியின் வலது ஓரத்தில் ஆடுபவன். எஸ்டேட் ஃபாக்டரியில் வேலை. பூட்ஸ் லேஸை அவிழ்த்தபடியே, "சரிங்க சார்" என்றான். அவன் மகள் ஜெனிஸ் பன்னைக் கடித்த வாயோடு அப்பாவையே பார்த்தாள். இறுதி ஆட்டம் அவர்கள் எஸ்டேட் மைதானத்தில். கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் பார்க்க வருவார்கள். "அப்ப ஃபைனலுக்கு அண்ணனுக்குப் பதிலா டெனின் ஆடட்டும்" என்று கேப்டன் அலன் அங்கேயே சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை சாயங்காலம், டெனினுக்கு ஏதாவது யோசனை சொல்லலாமே என்று சார் அதே கணக்கைத் திரும்பத் திறந்தார். மனுவேலை எதிர்த்து நின்ற ஆளின் எண்களைப் பார்த்தார். அந்த ஆளும் இரண்டாம் பாதியில் அநேகமாகப் பந்தைத் தொடவேயில்லை. எதிரும் புதிருமாக நிற்கும் இரண்டு பேர் எப்படி ஒரே நேரத்தில் சோம்பேறியாவார்கள்?

பிறகுதான் நினைவு வந்தது. இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறின. அதுவரை சாருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த மனுவேல் எதிர் ஓரத்துக்குப் போனான். சற்று நேரத்தில் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து அந்த ஓரத்தை மூடியது. பந்து அதற்குள் போகும், உதைக்கும் சத்தம் கேட்கும், திரும்பி வரும். தான் பார்க்காததையெல்லாம் நடக்காததாக விட்டுவிட்டிருந்தார் சார்.

காது இரண்டும் சுட்டன. ஒட்டிக்கொண்ட ஒரு விடைத்தாளைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் அவர் மதிப்பெண் போட்டதில்லை. ஜெபிக்க உட்கார்ந்தார், அந்தப் பிள்ளையின் பன் கண்முன் வந்து நின்றது. அலனுக்குப் போன் செய்யக் கைப்பேசியை எடுத்தார். என்னவென்று சொல்வது? நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று கீழே வைத்துவிட்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து மைதானத்துக்கு ஓடியபோது பெயர்கள் கொடுத்தாயிற்று. "சப்ஸ்டிட்யூட்லகூட அண்ணன் பேரு இல்லீங்க சார். இனி மாத்த விடமாட்டாங்க," என்றான் அலன். "நேத்தே ஒரு போன் பண்ணியிருந்தீங்கன்னா..."

மனுவேல் சட்டை பேண்ட்டோடு தண்ணீர் கேனைத் தூக்கி வந்துகொண்டிருந்தான். அத்தனை பேர் நடுவிலும் சார் சொன்னார்: "தப்பு என்னோடதுப்பா. மிஸ்ட்டுல எனக்கு ஒண்ணும் தெரியலை. அதைப் போயி மனுவேலு ஆடலைன்னு சொல்லிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. மனுவேல் கேனை இறக்கி வைத்தான்.

"தெரியலைன்னே சொல்லியிருக்கலாமுங்களே சார்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவனோ பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கோல் கம்பத்தைச் சுற்றி எங்கோ நடந்தான்.

இரண்டாம் பாதியில் மூடுபனி ஏறியது. முதலில் தேயிலைச் சரிவு போனது, பிறகு எதிர் ஓரம். வெள்ளைக்குள் பந்து உதைபடும் சத்தம் கேட்டது. சாரின் விரல் எந்தப் பெயரின் மீதும் இறங்காமல் நின்றது.

"சார்! டெனினுங்க சார்! டெனின் தொட்டான்!" என்று அந்தப் பக்கத்திலிருந்து மனுவேலின் குரல் வந்தது. "பாஸு சேந்துருச்சுங்க!"

"சேந்துருச்சுங்க!" என்று பின்னாலேயே ஒரு சின்னக் குரலும் கத்தியது.

சார் டெனின் பெயரைத் தொட்டார். டீ ஆறிப்போய்க் கிடக்க, அடுத்த குரலுக்காக அந்த வெள்ளையையே பார்த்திருந்தார்.