குடியிருக்கிற வூடு

மைக்கை வாங்கிப் பேசுகிறவள் வேல்விழி என்று ஜோதிக்கு முதலில் தெரியவில்லை. ஜோதி உட்கார்ந்திருந்தது கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையில். மேடையில் நகராட்சி ஆணையரும் கவுன்சிலர் ராஜசேகரும் இருந்தார்கள். செங்கழனிப்பாக்கத்தை நகராட்சியோடு சேர்த்த பிறகு வருகிற முதல் வீட்டு வரி உயர்வு. ஆட்சேபணை உள்ளவர்கள் நேரில் வந்து சொல்லலாம் என்று ஆட்டோவில் மைக் கட்டித் தெருத் தெருவாகக் கூவியிருந்தார்கள்.

"குடியிருக்கிற வூட்டுக்கு ஏன் சார் இவ்ளோ ஏத்துறீங்க? ரூம் கட்டி வாடகைக்கு வுடறாங்களே, அவங்களுக்குப் போடுங்க. தண்ணி, குப்பை, சாக்கடை எல்லாம் அவங்களாலதான் ரொம்புது. யாரு எந்த ஊரோ, இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிடுவாங்க. அவங்களுக்கு ஆவுற செலவ நாங்க ஏன் கட்டணும்?"

மண்டபமே கைதட்டியது. பேசி முடித்தவள் பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தக் கையசைவைப் பார்த்ததும்தான் ஜோதிக்கு ஆள் பிடிபட்டது. ஒரு காலத்தில் ஜோதி வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்து, கல்யாணமாகி இதே ஊரில் சொந்த வீட்டுக்குப் போனவள்.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இறங்கியபோது வேல்விழிக்கு இருபது வயதுகூட இல்லை. சுற்றுவட்டாரத்தில் கம்பெனிகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த காலம் அது. கழனியைக் கம்பெனிக்குக் கொடுத்து வந்த பணத்தில் ஜோதியின் புருஷன் மாடியில் ரூம்கள் கட்டினார். சுண்ணாம்பு காய்வதற்குள் தெற்கத்திப் பெண்கள் பெட்டியோடு வந்துவிட்டார்கள். செல்போன் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் மாடி முழுக்கச் சிரிப்புச் சத்தம்தான். ஒருத்திக்குச் சம்பளம் ஏறினால் எல்லோருக்கும் பரோட்டா. ஒருத்தி ஊரிலிருந்து கருப்பட்டி கொண்டுவந்தால் முதல் துண்டு கீழ்வீட்டுக்கு வந்துவிடும். பிள்ளை இல்லாத வீடு அது. அந்த வருஷங்களில் மட்டும் ஜோதிக்கு அது நினைவிலேயே இருந்ததில்லை.

தெரு அப்போது வெறும் சேறு. யூனிபார்மைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவார்கள். பஞ்சாயத்தில் கேட்டால் பணமில்லை என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிச் சுவர் இடித்த கல்லை நாலு டிராக்டரில் வரவழைத்துத் தெருமுனையில் கொட்டினார் ஜோதியின் புருஷன். அள்ளிப் போட ஆள் கூப்பிடவில்லை. மாடிப் பெண்கள் நைட்டிக்கு மேல் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். அதைப் பார்த்து எதிர்வீடு வந்தது, பக்கத்துத் தெரு வந்தது. சாயங்காலம் ஜோதி அண்டா நிறையச் சாம்பார் சோறு கிளறினாள். புதுத் தெருவிலேயே எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்படி ஒரு சாப்பாடு அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் ருசிக்கவில்லை.

இப்போது புருஷன் இல்லை. அந்தச் செல்போன் கம்பெனியும் இல்லை. வேறு கம்பெனிகள், வேறு பெண்கள். அவர்கள் கொடுக்கிற வாடகையில்தான் ஜோதிக்கு அடுப்பெரிகிறது. புது வரியில் அவள் மாடி 'வணிகப் பயன்பாடு' ஆகிவிட்டது, வரி மூன்று மடங்கு. வாடகையை ஏற்றினால் ஹாஸ்டலுக்குப் போய்விடுவோம் என்று பெண்கள் தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தார்கள்.

ஜோதி எழுந்தாள். மைக் வரும்வரை காத்திருக்கவில்லை.

"எங்க தெரு ரோட்ட மொதமொதல்ல போட்டது வாடகைக்கு இருந்த பொண்ணுங்கதான் சார். பஞ்சாயத்து போடல. அதுங்களுக்கு இங்க ஒரு சாண் மண்ணு கெடையாது. கல்லு தூக்கறப்ப ஒரு பொண்ணுக்குக் கால் நகம் பேந்துடுச்சி. துணிய சுத்திகினு மறுபடியும் தூக்கிச்சு. யாரு எந்த ஊருன்னு அன்னிக்கு யாரும் கேக்கல." மேடையைப் பார்த்துக் கையை நீட்டினாள். "மெயின் ரோட்டுல வரவேற்பு வளைவு கட்றீங்களே, அந்தக் காசுல எங்களுக்கு ஒரு கால்வா கட்டக்கூடாதா?"

"வளைவு வேற நிதிம்மா, வேற தலைப்பு. வரிப் பணத்துல வராது," என்றார் ஆணையர், எழுதிக்கொண்டே. "உங்க ஆட்சேபணைய பரிசீலிக்கிறோம்."

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் பின்னல் போட்ட ஒரு தலை மட்டும் குனிந்தது, நிமிரவே இல்லை.

கூட்டம் கலைந்தபோது வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்த ஜோதியின் பக்கத்தில் வந்து நின்றாள் வேல்விழி. மைக்கில் பேசிய பேச்சு அவளிடம் இல்லை. ஊர்ப் பேச்சு திரும்பியிருந்தது.

"யக்கா, ஒங்கள நெனச்சு நான் சொல்லலக்கா."

"தெரியும்."

"எங்க வீட்டுக்காரவுகளுக்கு வேல போயிட்டு. கம்பெனில அவுக லைன மூடிட்டாவ. இந்த வரியப் பாத்ததும் கையும் ஓடல காலும் ஓடல. எல்லாரும் பேசச் சொன்னாவ, பேசிட்டேன். பேசுறப்ப மாடி நெனப்பே வரல பாத்துக்கிடுங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் ஜோதிக்கு வலித்தது. நறுக்கென்று ஏதாவது கேட்க வாயெடுத்தாள். மெலிந்து எலும்பு துருத்திய கழுத்தைப் பார்த்ததும் வந்தது வேறு.

"ரெண்டு தெரு தள்ளித்தான கீற. வூட்டுப் பக்கம் வந்து எத்தினி வர்சமாச்சி?"

ஜோதி நடந்தாள். கொஞ்சதூரம் போன பிறகு பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை, நடையை மட்டும் குறைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் வேல்விழி கீழே நிற்காமல் நேராக மாடி ஏறினாள். பின்னாலேயே மூச்சு வாங்க ஏறினாள் ஜோதி. வார லீவில் இருந்த சின்னப் பெண் ஒருத்தி குழாயடியில் கம்பளியைத் துவைத்துவிட்டு, தூக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். புது ஆளைப் பார்த்து விழித்தாள்.

"ஒன் ரூம்ல மின்ன இருந்தவ," என்றாள் ஜோதி.

வேல்விழி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கம்பளியின் ஒரு முனையைப் பிடித்தாள். "நீ அந்தப் பக்கமா முறுக்கு தாயி, நான் இந்தப் பக்கம் முறுக்குதேன்." இருவரும் எதிரெதிரே சாய்ந்து முறுக்க, சோப்பு நுரை கலந்த தண்ணீர் கொட்டித் தளத்தில் பரவி, படிகளில் ஒவ்வொன்றாக இறங்கித் தெருவை நோக்கிப் போனது.