மார்ச் மூன்றிலேயே நிற்கும் கணினி

1

இந்தக் கதை ஓர் எச்சரிக்கைப் பக்கத்திலிருந்து எனக்குக் கிடைத்தது. மறைக்க முடியாத சந்தோஷத்தில் இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைமேல் செம்மேட்டில் ஒரு மிளகுக் கடை. உள்ளே ஒரு கணினி. திரையில் சிவப்பு முக்கோணம், அதன் கீழே ‘உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல’ என்ற வரி. அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் முகம். அந்த முகத்தைப் பார்த்ததும் பிரிண்ட் எடுக்க வந்தவளான நான் அந்த வேலையையே மறந்துபோனேன்.

அறைக்கு வந்து எழுத ஆரம்பித்தேன்.

மலைமேல் பனி இறங்கிய ஒரு மாலையில், செவிலியர் ஆரோக்கியமேரி —

(பனி எங்கே இருந்தது? நல்ல வெயில். அடித்துவிட்டேன்.)

எந்தப் பெண்ணுக்கும் வாழ்வில் ஒருமுறையாவது —

(எனக்குத் தெரியாத பெண்களுக்கெல்லாம் சேர்த்து நான் ஏன் பேசவேண்டும்? இதுவும் போனது.)

“ஏனுங்க சிஸ்டர், இது எதுக்குங்க இப்படிச் செவந்துபோய் நிக்குது?”

இதுதான் தொடக்கம்! கேட்டவள் கடைக்காரி நசீபா. அவளும் கணவன் பைசலும் அடிவாரத்திலிருந்து வந்து மலையில் மிளகு வாங்குகிறார்கள். கூடவே ஆன்லைன் வேலைகளும் செய்து தருகிறார்கள். அதற்கென்று வைத்திருந்த கணினி பழுதாகி நாமக்கல் போயிருந்ததால், அன்றைக்கு முதல்முறையாக மிளகுக்குப் பில் போடும் கணினியில் இணையத்தைத் திறந்திருந்தார்கள்.

2

ஆரோக்கியமேரி மலைக்குள் திண்ணனூர் நாடு என்னும் பகுதியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். கணவனும் நான்கு வயது மகளும் திண்டுக்கல்லில். இடமாறுதல் விண்ணப்பத்துக்கு அன்று மாலையோடு கடைசி. போனில் முயன்றிருக்கிறாள், ஊரைத் தேர்வு செய்யும் பக்கம் மட்டும் வெள்ளையாகவே நின்றிருக்கிறது. அதனால்தான் பஸ் பிடித்துச் செம்மேட்டுக்கு வந்தாள்.

என்னென்னவோ செய்து பார்த்தோம். பக்கத்தை மூடித் திறந்தோம். வைஃபை பெட்டியை அணைத்துப் போட்டோம். என் போனிலிருந்து இணைப்புக் கொடுத்தோம். எந்தத் தளத்துக்குப் போனாலும் அதே முக்கோணம்.

“பரவால்லன்னு அமுக்கி உள்ள போயிருங்க சிஸ்டர்” என்றாள் நசீபா.

“ஆதார் நம்பர், பாஸ்வேர்டு எல்லாம் போடணும்க்கா. பூட்டுப் படம் இல்லாத பக்கத்துல எப்படிப் போடுறது?”

“அப்ப அந்த நீலப் பட்டனு? பாதுகாப்புக்குத் திரும்புன்னு போட்டிருக்குதே?”

“அது வந்த வழியே வீட்டுக்குப் போன்னு சொல்லுதுக்கா.” சொல்லிவிட்டு ஆரோக்கியமேரி சிரித்தாள்.

3

(இங்கே கதையை நிறுத்துகிறேன்.)

அந்தச் சிரிப்புத்தான் என்னைத் தொந்தரவு செய்கிறது. கடைசி நாளில் தளம் திறக்காத ஒருத்திக்குப் பதற்றம் வரவேண்டும். அவள் முகத்தில் நான் பார்த்தது நிம்மதி. தேர்வு தள்ளிப்போன மாணவியின் நிம்மதி.

அல்லது, அது என்னுடைய நிம்மதியோ? எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டு நானும் தனியாகத்தான் இந்த மலைக்கு வந்தேன். சாயங்காலம் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத ஓர் அறை எனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. ஆரோக்கியமேரிக்கும் இங்கே அப்படி ஓர் அறை இருக்கிறது. மகளைப் பிரிந்திருக்கும் துயரமும் அதே அறையில்தான் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவளைக் கேட்காமல் நானே இதை அவள் மேல் ஏற்றி —

சரி, கடைக்குப் போவோம்.

4

எச்சரிக்கைப் பக்கத்தில் இருந்த ‘மேம்பட்டவை’ என்ற பட்டனை அமுக்கினேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு கேள்வி: உங்கள் கணினியின் தேதி மார்ச் 3. இது சரிதானா?

நசீபா குனிந்து படித்தாள். “சரிதானுங்க.”

“என்னக்கா சரி? இது பிப்ரவரி. மார்ச்சு இன்னும் வரவே இல்லையே!”

“இது போன மார்ச்சுங்க சிஸ்டர். இந்த மிசினுக்கு எப்பவும் அதே நாள்தானுங்க.”

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். நசீபா விளக்கினாள்: மிளகுக்குப் பில் போடும் சாப்ட்வேர் ஒரு மாத இலவசம். மாதம் முடிந்தால் பூட்டிக்கொள்ளும். அதனால் பைசல் தினமும் காலையில் தேதியைப் போன வருடத்து மார்ச் மூன்றுக்கே இழுத்து வைக்கிறான். பில்லில் தேதி அச்சாவதில்லை; நசீபா ரப்பர் ஸ்டாம்பால் அன்றைய தேதியைக் குத்திக் கொடுக்கிறாள். திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டை அப்போதுதான் கவனித்தேன்: ‘தேதியைத் தொடாதே – பைசல்.’

(விளக்கம் வேண்டுவோருக்கு: ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டு. இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும் என்று அதில் இருக்கும். உலாவி அதைக் கணினியின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. போன மார்ச்சில் நிற்கும் கணினிக்கு, இந்த வருடச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை. எனவே எல்லாமே போலி! இதை நான் கற்பனை செய்திருந்தால் எனக்கே நம்பிக்கை வந்திருக்காது.)

“தேதியை மாத்திட்டா போதும்” என்றேன்.

நசீபா அந்தச் சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, “சாப்ட்வேரு கண்டுபிடிச்சுப் பூட்டிக்கிச்சுன்னா இந்த சீசன் எடைக் கணக்கெல்லாம் உள்ளயே மாட்டிக்குமுங்க” என்றாள்.

“வேண்டாம்க்கா. எனக்காக உங்களுக்கு எதுக்கு வம்பு? அடுத்த வருஷம் பாத்துக்கறேன்.”

ஆரோக்கியமேரி மிக வேகமாகச் சொன்னாள். நசீபாவும் அதைக் கவனித்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

“அடுத்த வருசமா? வருசத்தை நிறுத்தி வெக்கறதெல்லாம் மிளகுக்குத்தானுங்க ஆகும். ஊட்டுல பாப்பா வளந்துட்டு இருக்குதில்ல? போறதோ இருக்கறதோ, உங்க இஷ்டம். மிசினு மேல பழியப் போடாதீங்க கண்ணு.”

சீட்டைப் பிய்த்தாள். சாப்ட்வேரை மூடினாள். தேதியை மாற்றினாள்.

முக்கோணம் போனது. பக்கம் திறந்தது. பூட்டு இருந்தது.

5

முடிவு ஒன்று: அவள் திண்டுக்கல்லைத் தேர்வு செய்கிறாள். மகள் ஓடிவந்து —

(வேண்டாம். நான் அங்கே இல்லை.)

முடிவு இரண்டு: ‘தற்போதைய இடத்திலேயே தொடர விரும்புகிறேன்’ என்பதை அமுக்கிவிட்டு, மலைக்காற்றை ஆழ்ந்து —

(இது என் ஆசை. அவள் தலையில் கட்டக் கூடாது.)

நடந்தது இவ்வளவுதான். “அக்கா, ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய நிக்கிறீங்களா?” என்றாள். நின்றோம். வாசலில் மிளகு நிறுத்துக்கொண்டிருந்த பைசல் நிமிர்ந்தான்.

“உள்ள ஆரு?”

“சிஸ்டரு. நெட்டு பாக்கறாங்க.”

“அந்த மிசின்லயா? தேதி?”

“உள்ள கால வெச்சீங்கன்னா இன்னிக்குச் சோறு கெடையாதுங்க” என்று நசீபா கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். பைசல் கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். கையிலிருந்த மிளகு ஒவ்வொன்றாகக் கீழே உதிர்ந்தது.

உள்ளே பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. என் மனம் துள்ளியது, உடனே அடங்கியது. போகிறேன் என்றாலும் இருக்கிறேன் என்றாலும் அந்தத் தளம் ஓர் ஒப்புகைச் சீட்டுத் தரும்.

ஆரோக்கியமேரி தாளை இரண்டாக மடித்துக்கொண்டு வந்தாள். கண்கள் ஈரமாக இருந்தன. சிரித்துக்கொண்டும் இருந்தாள். நசீபா கை பழகிய வேகத்தில் ஸ்டாம்பை எடுத்து, மடித்த தாளின் மேலேயே குத்திவிட்டாள். ஊதா மையில் அன்றைய தேதி.

“ஐயோ, பழக்கதோசமுங்க சிஸ்டர்!”

“இருக்கட்டும்க்கா. சரியான தேதிதானே” என்று சொல்லிவிட்டு, அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

தேதியை நான் பார்த்தேன். அதை எழுதிவிட்டேன். தாளின் உள்பக்கத்தை நான் பார்க்கவில்லை. ஊரைக் கேட்கும் அந்த வரியை உங்களுக்காகக் காலியாக விடுகிறேன். நிரப்புவதற்கு முன், அது அவளுடைய ஊரா, உங்களுடைய ஊரா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விரும்பும் இடம்: ______________